அக்கா வீட்டுப் பேசும் பெட்டி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அம்மாவுக்கு மாத்திரை வேளையை நினைவூட்ட நீ அனுப்பிய பேசும் பெட்டி சொதப்பும் என்று அட்டையைப் பிரிக்கும் முன்பே சொன்னவன் நான். பத்து வருடமாக அக்காவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுத்தவன். பெரிய டாக்டரே என்னிடம் யோசனை கேட்பார்.

இப்போது என்னை யார் மதிக்கிறார்கள்? பெட்டி, "பிரஷர் பாக்கலாமா?" என்றதும் அக்கா சின்னப் பெண் மாதிரி கையை நீட்டுகிறாள். "நான் பாக்கட்டுமாக்கா?" என்றால், "நீ சும்மா இருடா, அது எவ்வளவு தங்கமா கேக்குது!" என்கிறாள். அறுபது வருடத்தில் என்னை ஒருநாளாவது தங்கம் என்றிருப்பாளா?

நேற்று மதிய மாத்திரையைப் பெட்டி மறந்தே போனது. நான் இல்லாவிட்டால் அக்கா கதி என்ன? உடனே கடைக்காரரிடம் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்.

உறையை ஒட்டும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டி மறந்தது என்பது என் கற்பனை. "மாத்திரை போட்டாச்சா?" என்று அது சரியான நேரத்துக்குத்தான் கேட்டது. அக்கா குளியலறையில் இருந்தாள். நான்தான் அவள் குரலில், "போட்டாச்சு கண்ணு" என்றேன். அதுவும் நம்பிவிட்டது. அக்கா வந்ததும், "பெட்டி மறந்துபோச்சுக்கா" என்று என் கையால் மாத்திரையைக் கொடுத்தேன்.

"நல்லவேளை, நீ இருந்தடா" என்றாள். தங்கம் என்று மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் மாமா