புகை அடங்கிய கரி

ஜூன் 29
லிமுரு ஊர் முழுக்கப் பனிமூட்டம். வேலிக்கு அப்பால் தேயிலைச் செடிகளே தெரியவில்லை.

நைரோபியிலிருந்து மருமகள் வய்ரிமு ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்து படுக்கையறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். கரிநெருப்பின் விஷக்காற்று சேர்ந்தால் கத்துமாம். அந்தக் காற்றுக்கு நிறமில்லை, வாசனையில்லை. என் கணவர் கதோகோவுக்குக் கேலி. “நீ கத்துறது போதாதுன்னு சுவத்துல ஒன்னு.”

அடுத்த வாரம் பேத்தியோடு வருகிறாள். என் பெயர் வைத்த பிள்ளை. சின்ன நியாம்புரா.

ஜூலை 2
முற்றத்தில் கரியைப் பற்றவைத்து, புகை அடங்கிச் சிவந்த பிறகே அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தேன். சன்னல் இடுக்கில் துணி. எப்போதும் செய்வதுதான்.

ஜெபத்துக்கு முழங்காலிட்டேன். மெல்ல உடம்பு கரைந்தது. பனி உள்ளே வந்து என்னைத் தூக்கிக்கொண்டது போல— கைகள் யாருடையவோ. ஆண்டவரே, இவ்வளவு அருகிலா?

அப்போது பெட்டி கத்தியது. கழற்றிக் கம்பளியில் சுற்றி, வெளியே சமையல் கொட்டகையில் மாவு டப்பாவுக்குள் வைத்தேன். புகையே இல்லாத கரிக்கு எதற்குக் கத்தல்?

ஜூலை 4
இன்றும் அந்த மிதப்பு. பிறகு தலைவலி. இந்த வாரம் நோன்பு, அதனால் இருக்கும்.

ஜூலை 8
எழுத முடியலை.

ஜூலை 11
குழந்தை பிழைத்தாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஏழாம் தேதி மதியம், பேத்தியோடு வந்திருந்த வய்ரிமு துணி துவைக்கப் போனாள். கரியடுப்பால் அறையைச் சூடாக்கி, பிள்ளையை மார்பில் சாய்த்து ஜெபத்தில் உட்கார்ந்தேன். மேகத்தில் இரண்டு பேர், ஒரே பெயர். பிள்ளையின் தலை சரிந்தது. தூக்கம் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. வய்ரிமு வெறும் ஆணியைப் பார்த்தாள். “அத்தை, அது எங்கே?”

கேட்டது. நாக்கு எழவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துப் போட்டாள் வெளியே. பனிக்குள் எவ்வளவு நேரம் சத்தமே இல்லை! அப்புறம் அழுதாள் என் கண்ணு.

மருத்துவமனையில் இருவருக்கும் பிராணவாயு வைத்தார்கள். கதோகோ கேலி பேசவில்லை. “யாரு கழட்டினது?” என்று மட்டும் கேட்டார்.

நான்தான். நான்தான்னு சொன்னேன். வய்ரிமு என் முகத்தைப் பார்க்கலை.

ஜெபத்தில் வந்த அந்தச் சுகம் யார் தந்தது? கேட்கவே பயமா இருக்கு.

ஜூலை 19
பெட்டியை மாட்டியாயிற்று. பேட்டரி புதிது, தேதியை அதன்மேலேயே எழுதினேன். அடுப்பு இனி வெளியேதான்.

ஆகஸ்ட் 6
சன்னல் ஒரு கை அகலம் திறந்திருக்கிறது. மூன்று போர்வை. ஜெபத்தில் மிதப்பில்லை, முழங்கால் வலித்தது, மூக்கு ஒழுகியது. முடிக்கும்வரை விழித்திருந்தேன்.

மதியம் வய்ரிமு வந்தாள். வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தாள். போய் அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். கத்தியது.

பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள்.