யார் வழியில் வந்தது, அம்மா?

என் அம்மாவுக்கு,

காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் மூன்று மாதக் கர்ப்பம், அம்மா. செந்திலின் ரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. போனை எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன்.

தம்பி பாபுவைக் கொண்டுபோன சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என் பிள்ளைக்கும் வருமா? அதுதான் பயம். அவனை முத்தமிட்டால் உப்புக் கரிக்கும். முதுநகர்க் கடல் காற்று என்றுதானே நினைத்தோம்? நெஞ்சில் சளி கட்டியபோது டி.பி. மருந்து கொடுத்தார்கள். கடைசியில் வியர்வையைச் சோதித்த டாக்டர், பரம்பரை நோய் என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. உன் நாத்தனார், என் அத்தைக்கு, அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எல்லாம் திருவந்திபுரத்துலேருந்து இவ கொண்டாந்தது."

பாபு போன பிறகும் அத்தை வரும்போதெல்லாம் இதையே சொன்னாள். நீ கேட்டுக்கொண்டே சோறு போட்டாய். அப்பா ஒரு நாளாவது ஏன் தடுக்கவில்லை? எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் கட்டிக்கொண்ட செந்தில் உன் அண்ணன் மகன் என்பதால், என் டாக்டர் சிதம்பரத்தில் மரபணு ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். என்னைவிடச் சின்னப் பெண். முதலில் அப்பாவுக்கும் எனக்கும் சோதனை. போன வாரம் அப்பாவை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள்.

"ஐயா, பழுதான மரபணு ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கு. அம்மாகிட்டயும் ஒண்ணு இருந்திருக்கும். ரெண்டு பக்கமும் வந்தாத்தான் பிள்ளைக்கு நோய். யார் மேலயும் தப்பு இல்ல."

"இன்னொரு வாட்டி சொல்லும்மா," என்றார் அப்பா. சொன்னாள். உடனே அத்தைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "இவுங்க சொல்றத முழுசா கேளு."

அத்தை முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள். "அவதான் போய்ட்டாளே, இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"இருந்தப்ப நான் கேக்கலியே," என்று அப்பா அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில்தான் அவர் கையைப் பிடித்தேன்.

என்னிடமும் அந்த மரபணு இருக்கிறது. செந்திலிடமும் இருந்தால் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அப்படி இருந்தால் வயிற்றிலேயே சோதிக்கலாம், பிறந்ததுமே வைத்தியம் தொடங்கலாம், எதுவானாலும் முடிவு உங்களுடையது என்கிறாள் அந்தப் பெண். நான் எதை முடிவு செய்வேன்? உன் காலத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிப் பேச ஒருத்தி ஏன் இல்லாமல் போனாள்?

போன் இன்னும் அடிக்கவில்லை. எது வந்தாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். என் பிள்ளையைக் காட்டி 'இது யார் வழி' என்று எவராவது கேட்டால், நான் சோறு போட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

உன் மகள்,
பாபுவின் அக்கா