பால்குடத்துக்கு ஒரு பெயர்

பண்டமாரான், கிள்ளான்
6.1.2025

அன்பு மகள் தாமரைக்கு,

முருகன் துணை. நாங்கள் நலம். ஒசாக்காவில் குளிர் எப்படி?

தைப்பூசத்துக்கு வந்து என்னோடு பால்குடம் எடுக்க ஆசை என்றாய். பவுனம்மாள் அக்கா கோயிலில் பெயர் எழுதுகிறார். என் பெயரைக் கொடுத்தேன். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. போனில் கேட்டால் அழுதுவிடுவேன்; அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். எலி, பன்றி, மாடு, மனிதன் என்று அட்டவணை. மாட்டுக்கு நேரே 'கரு' என்றிருக்கிறது. பசுவின் வயிற்றைக் கிழித்தா எடுக்கிறாய்? அந்தக் கையால் பால்குடம் தொடலாமா? "அவ என்ன கசாப்புக் கடையா வெச்சிருக்கா? சும்மா இரு லா" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்.

அம்மா,
சீதாலெட்சுமி


ஒசாக்கா
15.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மாட்டுப் பொங்கலன்று பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது!

நான் கத்தி பிடிப்பதில்லை அம்மா. எங்கள் ஆய்வகப் பசு இன்னும் புல் மேய்கிறது. அதன் காதோரத்தில் மிளகளவு தோல்தான் எடுத்தோம். அந்தத் தோல் செல்லைப் பழைய நிலைக்குத் திருப்பினால் குருத்தணு ஆகிவிடும். அதிலிருந்து இதயம், எலும்பு, எதுவும் வளரலாம். மனிதக் குருத்தணுவும் ஒருவர் கொடுத்த ரத்தத்திலிருந்து வந்ததுதான். எலிக்கும் நமக்கும் மரபணுக்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எது எப்போது விழிக்கிறது, எது தூங்குகிறது என்பதுதான் மாறுகிறது. எலியில் கண்டதை மனிதனுக்கும் நம்பலாமா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை.

அந்தக் 'கரு' வரிசை வேறொரு குழு முன்பே வெளியிட்ட எண்கள். இறைச்சிக்கூடத்தில் கிடைத்த சினைமுட்டையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்திருக்கிறார்கள். அந்த எண்களை நானும் எடுத்துக்கொண்டேன், மறைக்கமாட்டேன். மனம் ஒப்பவில்லையென்றால் என் பெயரைக் கொடுக்காதீர்கள். வெறுங்கையோடு உங்கள்கூட நடந்து வருகிறேன்.

உங்கள் தாமரை


பண்டமாரான்
24.1.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மிளகளவு தோல் என்றதும் நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. எல்லா வீட்டிலும் அதே அரிசி பருப்புதான். எந்த மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதில்தான் என் கணக்கும் அடுத்த வீட்டுக் கணக்கும் மாறும். அது போலத்தானே? அந்த ஒரு வரிசை மட்டும் இன்னும் உறுத்துகிறது. அதற்காக வெள்ளிக்கிழமை நெய்விளக்கு ஏற்றிக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் பெயரும் நட்சத்திரமும் கொடுத்தாயிற்று. "படிச்ச பொண்ணு வெயில்ல நடப்பாளா சீதா?" என்றார் பவுனம்மாள் அக்கா. "எலிக்கே பயப்படாதவ, நடப்பாக்கா" என்றேன். இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து நீ விரதம் இரு. அங்கே சூப்பில்கூட மீன் போடுவார்களாமே, கேட்டுச் சாப்பிடு.

ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்ததிலிருந்து, உன் பாவம் என்னோடு போகட்டும் என்று நான் பாலைத் தொடவில்லை. பால் கலக்காத தே ஓதான் குடித்தேன். இன்று அப்பா தானே ஒரு டம்ளர் பால் காய்ச்சி என் முன்னால் வைத்தார். ஆடை கட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு குடித்துவிட்டேன்.

அம்மா