தண்ணீர் வராத ஐம்பத்தேழு மணி நேரம்

குருண்,
சனிக்கிழமை மாலை

அன்பு மகள் நளினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், தைவான் குளிரில் நீயும் அப்படியே இருக்க முனியாண்டி சாமியைக் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அப்பா குறுக்கே புகுந்து தன் கதையாக்கிவிடுகிறார், அதனால்தான் முறுக்குப் பார்சலோடு இந்தக் கடிதம். உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

நீ கட்டிலுக்கடியில் விட்டுப்போன எலக்ட்ரானிக் போர்டுப் பெட்டியைத் திறந்து, உன் பழைய லேப்டாப்பில் நீ வீடியோவில் சொன்னபடி புரோகிராம் எழுதி, முதல் நாள் ஒரு சின்ன விளக்கை விநாடிக்கு ஒருமுறை சிமிட்ட வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "இத வச்சு சோறு பொங்குமா தேவகி?" என்றார். சோறு பொங்கத் தண்ணீர் வேண்டுமே, அதுதானே இங்கே இல்லை. பதினெட்டு வருஷமாகச் செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடிக்கிறேன். இரண்டு மணிக்கு மருந்தில் நனைந்த சட்டையோடு வீடு திரும்பினால் குழாய் காய்ந்து கிடக்கும். பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்காவுக்குக் கழுத்தெல்லாம் புண். ஆபீசில் கேட்டால் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம், "தெனம் ரெண்டு மணி நேரம் தண்ணி விடுறோம், நோட்டுல இருக்கு, நீங்கதான் புடிச்சு வைக்கல" என்பார். நம் ஆள்தான், நம் தமிழில்தான் பொய் சொன்னார். தண்ணீர் வராத நாட்களை நாம் மறந்துவிடுகிறோம், அவர் நோட்டு மறப்பதில்லை. அதனால் மறக்காத ஒன்றை நானும் செய்தேன்.

நம் லயத்து வீடுகளுக்கு வரும் பெரிய குழாயில் நீ அனுப்பிய சின்னச் சக்கரத்தை மாட்டினேன். தண்ணீர் ஓடினால் சக்கரம் சுற்றும், போர்டு எண்ணைப் பூஜ்யமாக்கும், ஓடாவிட்டால் மணிக்கு ஒன்று ஏறும். பெட்டியில் இருந்த தபால்தலை அளவுத் திரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை, ஆன்லைனில் ஷோப்பியில் பெரிய சிவப்பு எண் பலகை வாங்கிப் பெரட்டுக் களத்தில், காலையில் பேர் கூப்பிடும்போது எல்லாரும் பார்க்கும்படி தொங்கவிட்டேன். முதல் வாரமே மானம் போனது. மூன்று நாளாகச் சொட்டு இல்லை, பலகை மட்டும் பூஜ்யம் காட்டியது. கிராணி அதைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "மருந்தடிக்கிற அம்மாவோட கம்ப்யூட்டரே சொல்லுது, தண்ணி வந்துச்சாம்லா" என்று எழுதினார். அப்பா, "கழட்டிரு, வேல போயிரும்" என்றார். அந்த ஞாயிறு முழுக்கக் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன். மோட்டார் போட்டதும் குழாய் புஸ்ஸென்று காற்றைக் கக்கியது, சக்கரம் அந்தக் காற்றுக்கே ஜோராகச் சுற்றியது. காய்ந்த குழாய் எப்படி மூச்சு விடும் என்று நம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும், போர்டுக்குத்தான் நான் சொல்லவில்லை. உடனே குழாய்க்குள் இரண்டு கம்பிகளை வைத்தேன். சக்கரமும் சுற்ற வேண்டும், கம்பிகளும் நனைய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் தண்ணீர் என்று மாற்றி எழுதினேன். இருபத்துநாலு மணி நேரம் தாண்டினால் சிவப்பு விளக்கு சிமிட்டும்படியும் வைத்தேன், முதல் நாள் கற்ற அதே சிமிட்டல்தான்.

போன புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பலகையில் ஐம்பத்தேழு. விளக்கு விடாமல் சிமிட்டியது. பேர் கூப்பிட்டு முடித்தும் மருந்தடிக்கிற பதினோரு பெண்களில் ஒருத்தியும் மருந்துப் பம்பைத் தோளில் மாட்டவில்லை. பூஜ்யம் வந்தால்தான் எடுப்போம் என்றோம். கிராணி என்னிடம் வந்து, "வீட்டக் காலி பண்ண வச்சிருவேன், தெரியும்ல?" என்றார். அம்சவள்ளி அக்கா, "காலி பண்ண வையி, நீயே வந்து குடியிருந்து குளிச்சுப் பாருய்யா" என்றாள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அது பொய் எண் என்று கிராணி மலாயில் ஓதினார். மேனேஜர் மோட்டாரைப் போடச் சொன்னார். குழாய் புஸ்ஸென்றது, சக்கரம் சுற்றியது, பலகை அசையவில்லை. ஐம்பத்தேழு. "சியாப்பா புவாட் இனி?" என்றார், யார் செய்தது என்று. ஓரடி முன்னால் வந்து "சாயா" என்றேன், நான்தான் என்று. ஆள் அனுப்பிப் பார்த்தால் மேட்டில் நம் லயத்துக்குத் தண்ணீர் விடும் வால்வு மூடிக் கிடக்கிறது, தண்ணீரெல்லாம் மேனேஜர் பங்களாப் புல்லுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நம் தோலைவிட அவர்கள் புல் உசத்தி! எட்டு மணி ஆவதற்குள் பலகையில் பூஜ்யம் விழுந்தது, நாங்கள் போட்ட கூச்சல் பீடோங் வரை கேட்டிருக்கும்.

இப்போது பெரட்டுக்கு முன்னால் கிராணிதான் பலகையை எட்டிப் பார்க்கிறார். மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லவில்லை. நல்ல மனசு ஒன்றும் இல்லை, பதினோரு பேர் பார்த்துவிட்டோம், அவ்வளவுதான். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பாப்பம்மா தனக்கும் ஒன்று வேண்டும் என்று போன் செய்தாள். செய்து தரமாட்டேன், வந்து உட்கார், நீயே செய் என்றேன், நாளைக்கு வருகிறாள். உன் கம்பெனியிலும் வேலை செய்த மணிக்கணக்கை அவர்களேதான் எழுதுகிறார்கள் என்றாயே, நீயும் தனியாக எழுதி வை. சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அந்தச் சக்கரம் இன்னும் இரண்டு அனுப்ப மறந்துவிடாதே. எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நிற்கிற பெண்ணாக நீ நீடூழி வாழ வேண்டும்.

இரண்டு மணிக்கு வந்து தலைக்குக் குளித்தேன், முடியில் ஈரம் இன்னும் காயவில்லை. பலகையில் இப்போது மூன்று.

மருந்து வாடை இல்லாத கையால்,
உன் அம்மா
தேவகி