தொழுவத்து வாயிலைத் தாண்டாதவளுக்கு

இன்று காலை பசுவின் காதுமடலைத் துடைக்கையில், ஆமணக்கு விதைபோல் பருத்த ஓர் உண்ணி விரலில் தட்டுப்பட்டது. அவ்வேளையில் கைப்பேசி ஒலித்தது. குருதி வங்கியில் பணிபுரியும் பெண். "ஓ நெகட்டிவ் அவசரமா வேணும்க்கா, வந்துர்றீங்களா?" தோழி, நீ மறைந்தது முதல் அவளுக்கு ஏதேனும் சாக்குச் சொல்லியே வருகிறேன். இன்று, வருகிறேன் என்றேன்.

நெல்லித்தோப்பு முனையில் ஸ்கூட்டர் கவிழ்ந்து, உன் மண்ணீரலை அகற்றிய அன்று ஏற்றப்பட்டது என் குருதி. நம் இருவருக்கும் அதே அரிய பிரிவு. என் செந்தமிழ்ப் பேச்சை எப்போதும் கேலி செய்யும் நீ, கண்விழித்ததும் சொன்னாய்: "பள்ளிக்கூடமே போவாத வாத்தியாரம்மா ரத்தம் ஏறியிருக்குது. இனிமே நானும் 'ஆகையினால்'னு பேசப் போறேன் பாரு." அந்தப் பெருமிதத்தில் பல நாள் மிதந்தேன்.

சில வாரங்களில் உனக்குக் காய்ச்சல். மலேரியா என்றார்கள், மருந்துக்கு அடங்கவில்லை. மாடித் தொட்டியை ஐயுற்றேன். உன் நாத்தனாரின் மீன்குழம்பை ஐயுற்றேன். ஆய்வுக்கூடத்தாரின் கண்களையும் ஐயுற்றேன். இறுதியில் மருத்துவர் உன் குருதியைத் தாமே மறுபடி பார்த்தார்.

"மலேரியா மாதிரியே தெரியும், ஆனா இது வேற. உண்ணி கடிச்சு வர்ற ஒட்டுண்ணி. நல்லா இருக்கறவங்க உடம்புல சத்தமில்லாம கெடக்கும். மண்ணீரல் இல்லாதவங்களச் சாய்ச்சுடும். ரத்தம் ஏத்தினாலும் வரலாம். மாடு கீடு உண்டா?"

நான் வாய்திறக்குமுன் நீ முந்தினாய். "இவ வீட்டு மாட்டுக்கு நாந்தான், டாக்டர், தெனம் உண்ணி எடுப்பேன்."

கொம்புக்கு அஞ்சி என் தொழுவத்து வாயிலை ஒருநாளும் தாண்டாதவள் நீ. தெருவில் நின்றே, "அதக் கட்டிட்டியா, இல்லியா?" என்று கேட்பவள். உண்ணி எடுத்தவை என் கைகள், கடிபட்டதும் நானே. மருத்துவர் நீ சொன்னதை எழுதிக்கொண்டார். பிறர் பேச்சில் ஒற்றைப் பிழையும் பொறாத நான், அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

பின்னர் என் குருதியைச் சோதித்து, ஒன்றும் தென்படவில்லை என்று எழுதித் தந்தார்கள். உன் குருதியையும் முதலில் தவறாகத்தானே படித்தார்கள்? அத்தாளை நான் நம்பவில்லை. நீ ஏன் முந்திக்கொண்டாய் என்பதே அதனினும் உறுத்துகிறது. என்மீது உனக்கும் ஐயம் எழுந்திருந்ததா?

இன்று குருதி வங்கிக்கு நேரில் சென்றேன். உண்ணிக் கடிக்குப் பலகாலம் ஆளானவள் நான் என்றும், என் குருதியைப் பெற்ற ஒருத்தி இந்நோயால் இறந்தாள் என்றும், அவள் என் தொழுவத்துள் நுழைந்ததே இல்லை என்றும் படிவத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன். படித்துவிட்டு அப்பெண் நிமிர்ந்தாள்.

"இனிமே உங்களக் கூப்பிட மாட்டோம்க்கா."

"கூப்பிடலாகாது" என்றேன்.

மாலையில் வீடு திரும்பிப் பசுவைக் கட்டினேன். வழக்கம்போலத் தெருப்பக்கம் திரும்பி, "கட்டிட்டேன்" என்றேன்.