ஜெர்லினுக்கு எதிராக நான் போட்ட கையெழுத்து

அன்பு மகன் ரெனிஷுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அப்பா துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகு வேலைக்குப் போயிருக்கிறார், நீ போன் பண்ணுகிற நேரம் அவர் வீட்டில் இருப்பார், பேசினால் காதில் விழும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். எங்கள் நர்சிங் காலேஜுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஜெர்லின் என்று ஒரு டியூட்டர் வந்தாள் என்று சொன்னேனே, அவள் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் சுவர் தாண்டி என் வகுப்புக்குக் கேட்கும், இருபத்திரண்டு வருஷம் பாடம் எடுத்த எனக்கு அது காதில் காய்ச்சிய எண்ணெய் மாதிரி இருக்கும். பிரின்சிபால் இந்துமதி மேடத்துக்கு இது தெரியும். பிள்ளைய எல்லாம் ஜெர்லின் கிளாஸ்தான் வேணுங்குதுவ, நீங்க எப்ப ரிட்டயர் ஆகுதீகன்னு கேக்குதுவ என்று மேடம் என்னிடம் சொல்வார்கள். ஜெர்லினிடம் போய் என் பெயரைச் சொல்லி, கிளாடிஸ் மேடம் உனக்கு ஒண்ணும் தெரியாதுங்காவ என்பார்கள். போன மாதம் மேடம் என்னிடம் ஒரு டைப் அடித்த தாளை நீட்டினார்கள். ஜெர்லின் வார்டில் மாணவிகளை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் எங்கோ போய்விட்டாள், அதற்கு நான் சாட்சி என்று இருந்தது. மயங்கி விழுந்த ஒரு பிள்ளையைத்தான் அவள் கேஷுவாலிட்டிக்குத் தாங்கிக்கொண்டு போனாள், நானே கண்ணால் பார்த்தேன். தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். எல்லா மாணவிகள் முன்னாலும் அவளை நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், மெமோவும் கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசியாக இருந்தது ரெனிஷ், மறைக்க மாட்டேன்.

மறுநாள் ஜெர்லின் அந்த மெமோவை என்னிடமே கொண்டுவந்தாள். சாட்சி யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மேடம், இதுக்கு எப்படிப் பதில் எழுதணும்னு தெரியல, இங்கன நம்பிக் கேக்க உங்கள விட்டா யாரு இருக்கா என்றாள். சாட்சி நான்தான் என்று சொன்னேன், நடந்ததை நடந்தபடி நானே எழுதிக் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். மெமோவை ரத்து செய்தார்கள். இந்துமதி மேடம் என் வகுப்புகளைப் பறித்து ஸ்டோர் பொறுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள், கட்டுத்துணி எண்ணுகிறேன். ஜெர்லின் என்னிடம் பேசுவதில்லை. அந்தச் சிரிப்புச் சத்தம் ஸ்டோர் வரைக்கும் வருகிறது, இன்றைக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.

நீ அங்கே நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்புக்கு வந்தது சந்தோஷம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் கீழ் இருக்கிற அந்தக் கேரளத்துப் பெண்ணைப் பற்றி, ரொம்பத்தான் காட்டிக்கிடுதா, மேல எழுதிப் போடப் போறேன் என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அவள் செய்தது தப்பா, உன்னைவிட நன்றாகச் செய்தாளா என்று யோசித்துப் பார் மக்கா. நன்றாகச் செய்தாள் என்றால் எழுதாதே. அடுத்த வகுப்பை அவளையே எடுக்கச் சொல்லிவிட்டு நீ பின்னால் உட்கார்ந்து கேள். எரியும், எரியட்டும்.

மாதா உன் கையையும் மனசையும் காக்கட்டும். பார்சலில் வைத்த உடன்குடிக் கருப்பட்டியை ஈரம் படாமல் வை. இந்தக் கையெழுத்து விஷயத்தை அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா கிளாடிஸ்