ஸ்பிரிட் வாடை

இன்று காலை எனக்கும் இன்சுலின் தொடங்கியாயிற்று. வயிற்றில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் வாடை ஏறியது. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் சட்டைப் பையில் எப்போதும் கிடந்த பஞ்சு டப்பாவின் வாடை அது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு அசதியாக இருக்கிறதுபா, எல்லாவற்றிலும் அசதி.

பிள்ளையார்பாளையத்தில் ஒரே தறியில் எத்தனை வருடம் உட்கார்ந்தோம்! சேலையின் உடலுக்கு நான் ஊடை நூல் சுற்றிய நாடாவை விடுவேன், கரைக்கு நீ. தறியில் புதுப் பாவு நூல் ஏற்றும் நாளில் கற்பூரம் காட்டாமல் நீ வாயில் எதையும் வைக்கமாட்டாய். அன்றும் அப்படித்தான். ஏழு மணிக்குப் பூஜை என்று நான்தான் சொல்லியிருந்தேன். நீ வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டு, பூஜை முடிந்ததும் சாப்பிடலாம் என்று வந்து காத்திருந்தாய். நான் வாலாஜாபாத்தில் மச்சான் வீட்டிலிருந்து ஆடி அசைந்து ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தேன்.

கற்பூரம் ஏற்றுவதற்குள் உன் கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. போதாக்குறைக்கு அந்த ஸ்பிரிட் வாடை. உன் ஊசி நினைவுக்கே வரவில்லை, சாராயம் என்றே நினைத்தேன். தெருவே கேட்கக் கத்தினேன்.

"பூஜை நாளும் அதுவுமா காலையிலயே ஊத்திக்கினு வந்துகீறியா? எழுந்து போபா!"

நீ தள்ளாடி எழுந்து போனாய். குழாயடியில் விழுந்தாய். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மா, "ஐயோ, சுகர்காரருமா இவரு!" என்று ஓடி, சர்க்கரையை உன் கன்னத்துக்குள் தேய்த்திருக்காவிட்டால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். கணையத்தில் திட்டுத்திட்டாகச் செல்கள் இருக்கின்றனவாம். சாப்பிட்டதும் ஒரு வகை இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை இறக்கும். பட்டினி கிடந்தால் அது கையை இழுத்துக்கொள்ளும். இன்னொரு வகை குளுக்ககானைச் சுரந்து, கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே விடச்சொல்லும். ஊசியில் போன மருந்துக்கு நீ சாப்பிட்டாயா இல்லையா என்று தெரியாது, அது பாட்டுக்கு இறக்கிக்கொண்டே போகும். வருடக்கணக்காகச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குத் தூக்கிவிடும் செல்களும் சில சமயம் அசந்துவிடும் என்றார்.

"எங்க தறி மாதிரிதான் சார். இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்" என்றாய் நீ.

திரும்பும்போது ஆட்டோவில்தான் சொன்னாய். "உள்ள கீறவன்தான் பாக்கல. பக்கத்துல குந்திக்கினு இருந்த நீயாவது பாத்திருக்கலாம்லபா?"

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மறுநாள் நீ ஒன்றுமே நடக்காததுபோல் வந்து தறியில் உட்கார்ந்தாய். அதையே சாக்காக வைத்து நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

இப்போது உன் இடத்தில் ஒரு இளவட்டம் உட்காருகிறான். நாடாவைத் தொடுமுன் அவன் கையைப் பார்ப்பேன். "சாப்ட்டியாபா?" என்று கேட்பேன். "எனக்குதான் சுகரே இல்லியேண்ணா!" என்று தினமும் சிரிப்பான்.

இன்று நான் போய் உட்கார்ந்ததும் அவன் முந்திக்கொண்டான். "ஊசி போட்டுக்கினியாமே. சாப்ட்டியாண்ணா?"

உன்னைப் பற்றிச் சொன்னேன். அன்று நீ குடித்திருக்கவில்லை, பசியோடு எனக்காகக் காத்திருந்தாய் என்று சொன்னேன். உன்னைத் திட்டியது தெருவுக்கே கேட்டது. இது அவன் ஒருவனுக்குத்தான் கேட்டது.